ஒரே கவுண்டியில (நம்ம மாவட்டம் மாதிரி) மூணு வில்லியம், யாரு யாருக்குப் பையன்?

செங்காந்தள்:
எல்லாருக்கும் வணக்கம். பதினோரு வருஷமா வர்ஜீனியாவுல இருக்கேன். வீட்டுக்காரர் இந்த மண்ணுக்காரர், அவங்க குடும்பம் அமெரிக்க சுதந்திரப் போருக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே ஜேம்ஸ் ஆத்துக்குத் தெக்கால புகையிலை போட்டுப் பொழச்ச குடும்பம். மூணு வருஷம் முன்னாடி மாமனார் தவறினாங்க, கருமாதியெல்லாம் முடிஞ்சு ஆள் கலைஞ்சப்புறம் மாமியார் ஒரு அட்டைப்பெட்டிய என் மடியில வெச்சு பிள்ளைங்களுக்கு நீதான்மா இத எழுதி வைக்கணும்னு சொன்னாங்க. உள்ள குடும்ப பைபிள். பழைய ஏற்பாடு முடிஞ்சு புதிய ஏற்பாடு தொடங்குறதுக்கு நடுவுல பொறப்பு, கல்யாணம், சாவு எழுதுற பக்கம் இருக்கே, அதுல முதல் வரி ஒரு வில்லியம், 1752ல பொறந்தது. அவரோட அப்பா அம்மா பேரு இல்ல. மை பழுப்பாகி சில இடத்துல காகிதத்தையே அரிச்சிருக்கு.

பிரச்சனை என்னன்னா அதே கவுண்டியில அதே குடும்பப் பேருல 1740கள்ல மூணு வில்லியம் இருக்காங்க. இணையத்துல யாரோ போட்ட வம்சமரத்துல எங்க வில்லியம ஒருத்தருக்குப் பையனா சேத்திருந்தாங்க, பேரு பொருந்துதேன்னு நானும் அப்படியே எடுத்து எழுதி, பிள்ளைங்களுக்கு சொல்லிக்கூட குடுத்துட்டேன். போன மாசம் உக்காந்து வருஷத்தக் கூட்டிக் கழிச்சுப் பாத்தா, அம்மான்னு போட்டிருக்கவங்களுக்கு இவர் பொறந்தப்ப வயசு ஒன்பது. ராத்திரி தூக்கமே வரல. பேர மட்டும் வெச்சு எப்படிப் பிரிக்கிறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

(குடும்பப் பேரை இங்க போடல, சொந்தக்காரங்க நிறைய பேர் இருக்காங்க.)

வேகநடை:
அக்கா இது சிம்பிள். அந்தக் காலத்துல மூத்த பையனுக்கு அப்பாவோட அப்பா பேரு, ரெண்டாவது பையனுக்கு அம்மாவோட அப்பா பேரு, மூணாவதுக்கு அப்பா பேரு. பைபிள்ல இருக்க வில்லியமோட பசங்க பேர வரிசையா எழுதுங்க, மூத்தவன் பேரு என்னவோ அதுதான் தாத்தா பேரு. முடிஞ்சுது.

பழைய_ஏடு:
தம்பி, அவ்வளவு சுலபமா முடிஞ்சிருந்தா நானெல்லாம் இருபது வருஷமா மைக்ரோஃபிலிம் சுத்தியிருக்க மாட்டேன். நீங்க சொல்ற வரிசை ஒரு பழக்கம், சட்டம் இல்ல. வர்ஜீனியாவுல தாத்தா பாட்டி பேரு முதல்ல வர்றது அதிகம், நியூ இங்கிலாந்துல மூத்த பிள்ளைக்கு அப்பா அம்மா பேரே வர்றது அதிகம். ரெண்டு இடத்துலயும் மாறின வீடு ஏராளம்.

வாஷிங்டன் குடும்பத்தையே பாருங்க. 1657ல வர்ஜீனியாவுக்கு வந்தவர் ஜான் வாஷிங்டன். அவர் தம்பி லாரன்ஸும் வந்து குடியேறினார். ரெண்டு பேரோட அப்பா பேரும் லாரன்ஸ், எசெக்ஸ்ல பர்லின்ற ஊர்ல பாதிரியாரா இருந்தவர். ஜான் தன் பிள்ளைங்கள்ல ஒருத்தருக்கு லாரன்ஸ்னும் இன்னொருத்தருக்கு ஜான்னும் வெச்சார், தம்பி லாரன்ஸ் தன் பையனுக்கு ஜான்னு வெச்சார். ஆக ஒரே தலைமுறையில பெரியப்பா பையன் ஒரு ஜான், சித்தப்பா பையன் ஒரு ஜான், அதுக்கு மேல பெரியவர் ஒரு ஜான். பேர மட்டும் பாத்தா தல சுத்தும்.

ரெண்டு தலைமுறை கீழ வாங்க. அகஸ்டின் வாஷிங்டன், அதாவது ஜனாதிபதி ஜார்ஜோட அப்பா. முதல் சம்சாரம் ஜேன் பட்லர். மூத்த பையனுக்கு வெச்ச பேரு பட்லர், அம்மாவோட பொறந்த வீட்டுப் பேரு. அந்தக் குழந்தை சின்ன வயசுலயே போயிடுச்சு. அடுத்தது லாரன்ஸ் (தாத்தா பேரு), அடுத்தது அகஸ்டின் (அப்பா பேரு). பட்லர் பொறந்ததே பதிவாகாம போயிருந்தா வேகநடை தம்பி லாரன்ஸ மூத்தவன்னு எழுதியிருப்பார். ரெண்டாவது சம்சாரம் மேரி பாலுக்கு 1732ல பொறந்த தலைப்பிள்ளை ஜார்ஜ். அப்பா வழியில நேரா மேல போனா ஜார்ஜ்ன்னு ஒரு ஆளே கெடையாது, மேரிக்கு கார்டியனா இருந்த ஜார்ஜ் எஸ்க்ரிட்ஜ் ஞாபகமா வெச்சதுன்னு சொல்வாங்க. நீங்க சொல்ற வரிசையில இந்தப் பேர எந்த இடத்துல வெப்பீங்க?

நெல்லைக்காரன்:
ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு. நம்ம பாஷையில பேரன்ற சொல்லே பெயரன்ல இருந்து வந்ததுதான், தாத்தா பேர சுமக்கவன். பேத்தி, பெயர்த்தி. எங்க வீட்டுல சுப்பையா ஆறுமுகம் சுப்பையா ஆறுமுகம்னு நாலு தலைமுறையா மாறி மாறி வருது. அதனால டச்சுக்காரங்க வழக்கத்தப் பாத்ததும் எனக்கு அந்நியமாவே படல.

நியூயார்க்க இங்கிலீஷ்காரன் 1664ல பிடிக்கறதுக்கு முன்னாடி அது டச்சுக் காலனிதானே, அங்க தாத்தா பாட்டி பேரு வைக்கறத வர்ஜீனியாவ விட கறாரா கடைப்பிடிச்சாங்க. ரூஸ்வெல்ட் குடும்பத்த எடுத்துக்கோங்க. ஜேக்கபஸ், அவர் மவன் ஐசக் (1726ல பொறந்தவர்), அவர் மவன் ஜேம்ஸ் (1760), அவர் மவன் ஐசக் (1790), அவர் மவன் ஜேம்ஸ் (1828), அவர் மவன் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். ஜேக்கபஸும் ஜேம்ஸும் ஒரே பேருதான், பாஷைதான் வேற. ஐசக் ஜேம்ஸ் ஐசக் ஜேம்ஸ்னு அப்படியே எங்க வீடு. ஃபிராங்க்ளின்ல வந்து சங்கிலி அறுந்துது, அது அவங்க அம்மாவோட சித்தப்பா பேரு. ஆனா ஃபிராங்க்ளின் தன் மூத்த மவனுக்கு திரும்ப ஜேம்ஸ்னு வெச்சிட்டார். அதப் படிச்சப்ப எங்க தாத்தா மொகம்தான் ஞாபகம் வந்துச்சு.

கடலோரம்:
அருமையான பதிவு நெல்லை அண்ணே.

செங்காந்தள், இங்க மாசச்சூசெட்ஸ்ல எங்களுக்கு ஊர்ப்பதிவு நிறைய இருக்கு, பொறப்பு கல்யாணம் சாவு எல்லாத்தையும் டவுன் கிளார்க் எழுதி வெச்சிருப்பார், அதனால உங்க அளவுக்குக் கஷ்டம் இல்ல. ஆனா இங்கயும் மாட்டிக்கற எடம் உண்டு. ஜான் ஹான்காக், சுதந்திரப் பிரகடனத்துல பெருசா கையெழுத்துப் போட்டவர். அவர் ஜான், அவங்க அப்பா ஜான், தாத்தா ஜான், அப்பாவும் தாத்தாவும் பாதிரியார். அப்பா செத்தது 1744, தாத்தா செத்தது 1752. மகன் முன்னாடி போயிட்டார், தாத்தா அதுக்கப்புறமும் எட்டு வருஷம் இருந்தார். அந்த எட்டு வருஷத்துல பாதிரியார் ஜான் ஹான்காக்னு ஒரு காகிதம் வந்தா அது தாத்தா. அப்பா முதல்ல சாவார் தாத்தா அதுக்கும் முன்னாடியே செத்திருப்பார்னு நாமளா முடிவு பண்ணிட்டு உக்காந்தா மொத்தமும் தப்பாயிடும்.

இன்னொண்ணு, செத்த குழந்தை பேரையே அடுத்த குழந்தைக்கு வைக்கறது. பெஞ்சமின் ஃபிராங்க்ளினோட அப்பா ஜோசையாவுக்கு மொத்தம் 17 பிள்ளைங்க, முதல் சம்சாரத்துக்குப் பொறந்ததுல அடுத்தடுத்து ரெண்டு ஜோசஃப், ரெண்டும் கைக்குழந்தையிலயே போயிடுச்சு. ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் வீட்டுல ரெண்டு லூசி எலிசபெத். முதல் லூசி 1780ல பொறந்து அடுத்த வருஷமே போச்சு, 1782ல பொறந்ததுக்கு அதே பேர வெச்சாங்க, அதுவும் ரெண்டு வயசுலயே போயிடுச்சு. ஒரே பேருல ரெண்டு பொறப்புத் தேதி இருந்தா ஒண்ணு தப்புன்னு அடிச்சிடாதீங்க. ரெண்டும் நெசமாவே வாழ்ந்த குழந்தைங்களா இருக்கும்.

செங்காந்தள்:
இத்தனை பதில் வரும்னு நினைக்கவே இல்ல, நன்றி நன்றி. ஒரு சந்தேகம். எனக்குக் கெடச்சதுல 1742ல ஒரு பத்திரத்துல வில்லியம் ஜூனியர்னு சாட்சிக் கையெழுத்து இருக்கு. 1746லயும் வில்லியம் ஜூனியர்னு ஒருத்தர் நெலம் வாங்கறார். ரெண்டும் ஒரே ஆளுதானே? ஜூனியர்னா அப்பா பேரும் வில்லியம்னுதானே அர்த்தம்?

பழைய_ஏடு:
இல்லம்மா. நிறைய பேர் விழற குழி இதுதான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

முதல்ல இவங்ககிட்ட நம்ம மாதிரி இனிஷியல் கெடையாது. நம்ம ஊர்ல பேருக்கு முன்னாடி ஒரு எழுத்து நின்னாலே அப்பா பேருக்கு ஒரு பிடி கெடச்சிடும். இவங்களுக்கு நடுப்பேரும் பதினெட்டாம் நூற்றாண்டு கடைசி வரைக்கும் அபூர்வம். ஊர்ல ரெண்டு வில்லியம் இருந்தா கிளார்க் என்ன பண்ணுவார்? வயசுல பெரியவர் சீனியர், சின்னவர் ஜூனியர். அப்பா பையனா இருக்கலாம், சித்தப்பாவும் அண்ணன் பையனுமா இருக்கலாம், ஒட்டு உறவே இல்லாதவங்களாவும் இருக்கலாம். சீனியர் செத்தா ஜூனியர் சீனியர் ஆயிடுவார், அதுவரைக்கும் மூணாவதா இருந்த பையன் ஜூனியர் ஆயிடுவான். அது சொத்து மாதிரி ஒருத்தரோட நிக்கறதில்ல, நாற்காலி மாதிரி, ஆள் எழுந்தா அடுத்தவர் உக்காருவார். உங்க 1742 ஜூனியரும் 1746 ஜூனியரும் வேற வேற ஆளா இருக்க எல்லா வாய்ப்பும் இருக்கு. நடுவுல யாராவது வில்லியம் செத்தாரான்னு பாருங்க.

ஹாரிசன் குடும்பத்துல பெஞ்சமின் ஹாரிசன்னு வரிசையா அஞ்சு பேர், அஞ்சாமவர்தான் பிரகடனத்துல கையெழுத்துப் போட்டவர். முதலாம் ரெண்டாம்னு எண் போட்டதெல்லாம் பின்னாடி வந்த நாம, அவங்க வாழ்ந்தப்ப அப்படி யாரும் கூப்பிடல. மூணாமவர் 1710ல செத்துட்டார், அவங்க அப்பா ரெண்டாமவர் 1712 வாக்குலதான் செத்தார். ஆக அந்த நடுவுல காகிதத்துல வர்ற பெஞ்சமின் ஹாரிசன் யாருன்னா கெழவர், இல்லாட்டி சின்னப் பையன் நாலாமவர். நாலாமவர் 1745ல மின்னல் தாக்கி செத்தார்.

இவங்க வீட்டுல பெஞ்சமின விட உபயோகமான பேரு எது தெரியுமா? கார்ட்டர். நாலாமவர் கட்டினது ஆன் கார்ட்டர், கிங் கார்ட்டர்னு பேரெடுத்த ராபர்ட் கார்ட்டரோட பொண்ணு. ஒரு பையனுக்கு கார்ட்டர் ஹென்றி ஹாரிசன்னு வெச்சாங்க. அடுத்த தலைமுறையில அஞ்சாமவர் கட்டினது எலிசபெத் பாசெட், பையன் பேரு கார்ட்டர் பாசெட் ஹாரிசன். பாட்டி பொறந்த வீடு, அம்மா பொறந்த வீடு, ரெண்டும் ஒரே பையன் பேருல. நூறு வருஷம் கழிச்சு சிகாகோவுக்கு மேயரா கார்ட்டர் ஹாரிசன்னு ஒருத்தர் வர்றாரே, அவரும் அந்த வழிதான். ஜான், வில்லியம், பெஞ்சமின் இதெல்லாம் ஊர் பூரா கெடக்கற பேரு. முதல் பேரு எடத்துல ஒரு குடும்பப் பேரு உக்காந்திருந்தா அதப் பிடிச்சிக்கோங்க, விடாதீங்க. ராண்டால்ஃப் வீட்டுல ஐஷம்னு வர்றதும் (அம்மா மேரி ஐஷம்), ஜெஃபர்சனோட பெரியப்பாவுக்கு ஃபீல்டுன்னு பேரு இருந்ததும் (பாட்டி மேரி ஃபீல்டு) அப்படித்தான்.

வேகநடை:
சார் ஜெஃபர்சன் தன்கிட்ட அடிமையா இருந்த சாலி ஹெமிங்ஸோட பிள்ளைங்களுக்கு அப்பாவான்னு டிஎன்ஏ பாத்தாங்களே, அது மாதிரி இவங்களும் பாத்தா போதாதா?

மருதாணி:
அதுக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமான விஷயம்.

1998ல பாத்தது ஒய் குரோமோசோம், அப்பாவுக்கு அப்பாவுக்கு அப்பான்னு ஆம்பளை வழியில மட்டும் போறது. தாமஸ் ஜெஃபர்சனுக்கு சம்சாரத்துக்குப் பொறந்த பையன் யாரும் நெலைக்கல, அதனால அந்தப் பெரியப்பா ஃபீல்டு ஜெஃபர்சனோட ஆண் வாரிசுங்ககிட்ட மாதிரி எடுத்து, சாலி ஹெமிங்ஸோட கடைசிப் பையன் எஸ்டனோட வாரிசுகூட ஒப்பிட்டாங்க, பொருந்துச்சு. ஆனா அது இந்த ஆண் வழின்னு மட்டும்தான் சொல்லும், அதுல எந்த ஆளுன்னு சொல்லாது. மத்தத காகிதமும் வருஷக் கணக்கும்தான் சொல்லணும். அக்கா கேக்கற மூணு வில்லியமும் ஒரே ஆண் வழின்னா மூணு பேருக்கும் ஒய் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கும், ஒண்ணும் பிரியாது.

நான் சொல்ல வந்தது வேற. சாலி அடிமையா வெச்சிருந்த பெண். அடிமைகளுக்குக் குடும்பப் பேரே காகிதத்துல வராது, ஜெஃபர்சனோட பண்ணை ஏட்டுல வெறும் முதல் பேரும் பொறந்த வருஷமும்தான். சாலியோட பிள்ளைங்க பெவர்லி, ஹேரியட், மேடிசன், எஸ்டன். அதுல ஹேரியட்டும் ரெண்டாவது ஹேரியட், முதல் ஹேரியட் 1797ல குழந்தையிலயே போயிடுச்சு. மேடிசன் 1873ல ஓஹையோவுல தன் கதைய சொன்னப்ப, பாட்டி எலிசபெத் ஹெமிங்ஸுக்கு ஜான் வெய்ல்ஸால பொறந்தவங்கதான் எங்க அம்மான்னு சொன்னார். ஜான் வெய்ல்ஸ்னா ஜெஃபர்சனோட மாமனார். இப்ப பேரப் பாருங்க. மேடிசன் தன் பொண்ணுக்கு எலன் வெய்ல்ஸ்னு வெச்சார், பசங்களுக்கு தாமஸ் எஸ்டன், வில்லியம் பெவர்லின்னு கூடப்பொறந்தவங்க பேர வெச்சார். எஸ்டன் தன் பையனுக்கு ஜான் வெய்ல்ஸ்னே முழுசா வெச்சார். எந்த ரிஜிஸ்தரும் எழுத மறுத்த உறவ அவங்க பிள்ளைங்க பேருல எழுதி வெச்சாங்க.

அக்கா, ஒரு வேண்டுதல். உங்க வீட்டு உயில்கள்ல அடிமைகளோட பேரும் இருக்கும், இன்னாருக்கு இன்னாரைக் குடுக்கறேன்னு எழுதியிருப்பாங்க. வில்லியமத் தேடும்போது அந்தப் பேருங்களையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க. வேற ஒரு குடும்பம் அதத்தான் தேடிட்டு இருக்கும், அவங்களுக்கு பைபிள் பக்கம் கூட கெடையாது.

செங்காந்தள்:
மருதாணி, படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத முடியல. இருக்கு. ஒரு உயில்ல ஏழு பேரு இருக்கு. கண்டிப்பா எழுதி வைக்கறேன்.

பழைய_ஏடு:
இனி உங்க வில்லியம்களுக்கு வருவோம். நெலத்தப் பிடிங்கம்மா. வர்ஜீனியாவுல 1785ல சட்டத்த மாத்தற வரைக்கும் உயில் இல்லாம செத்தா நெலம் மூத்த பையனுக்குத்தான். அதனால மூத்தவன் பேரு உயில்ல வரவே வராம இருக்கலாம், இல்ல ஒரு ஷில்லிங்னு மட்டும் இருக்கலாம். கோவத்துல ஒதுக்கிட்டார்னு நினைச்சிடாதீங்க, முன்னாடியே பங்கு குடுத்து முடிச்சிருப்பார். அந்த நெலம் பின்னால யார் கையால வித்துச்சுன்னு பாருங்க. விக்கறப்ப சம்சாரமும் கோர்ட்டுக்கு வந்து தனியா விசாரிச்சப்ப எனக்கு சம்மதம்னு சொல்லி டவர் உரிமைய, அதாவது புருஷன் நெலத்துல தனக்கு இருக்கற பங்க, விடணும், அங்க அவங்க பேரு கெடைக்கும். வரிப் பட்டியல்ல 16 வயசு ஆன ஆம்பளைங்கள சேப்பாங்க, ஒரு பேரு எந்த வருஷம் புதுசா வருதோ அத வெச்சு வயசப் பிடிக்கலாம். சர்ச்சு வெஸ்ட்ரி புக்குல (சர்ச்சு நிர்வாகக் குழுவோட பதிவேடு) நாலு வருஷத்துக்கு ஒரு தடவ எல்லைய நடந்து பாத்த கணக்கு இருக்கும், அதுல பக்கத்து நெலத்துக்காரங்க பேரு வரிசையா வரும். கவுண்டி எரிஞ்ச கவுண்டியா இல்லாம இருந்தா உங்க அதிர்ஷ்டம். பக்கிங்ஹாம் மாதிரி 1869ல கோர்ட்டோட எரிஞ்சிருந்தா பாதி வழி அடஞ்சிருக்கும்.

செங்காந்தள்:
எரியல சார், சாமி புண்ணியம்.

செங்காந்தள்:
மூணு வாரம் கழிச்சு வர்றேன். நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

அந்த ஊர் கோர்ட்டுக்கே போயிட்டேன். ஒரு வில்லியமோட உயில் எழுதின தேதி 1743 நவம்பர். இன்னொரு வில்லியமோட உயில கோர்ட்ல நிரூபிச்ச தேதி 1743 பிப்ரவரி. பிப்ரவரியில செத்தவர் நவம்பர்ல உயில் எழுத முடியாதே, அதனால ரெண்டு ஆளுன்னு அந்த வம்சமரத்துல போட்டிருந்தாங்க, நானும் நம்பினேன். ரெண்டு புக்கையும் பக்கத்துல வெச்சுப் படிச்சா ரெண்டுலயும் அதே சம்சாரம், அதே ஷில்லிங், அதே ஏழு பேரு. கைகால் நடுங்கிடுச்சு. அங்க இருந்த அம்மாகிட்ட கேட்டேன், அவங்க மேசை மேல விரலால எழுதிக் காட்டினாங்க, 1743/4ன்னு. 1752 வரைக்கும் இங்க வருஷம் பொறந்தது மார்ச் 25ல. அதனால 1743 நவம்பருக்கு அப்புறம் வந்தது 1743 பிப்ரவரி, நமக்கு அது 1744. ஜார்ஜ் வாஷிங்டன் பொறப்ப கூட அவங்க பைபிள்ல 1731/2 பிப்ரவரி 11ன்னுதான் எழுதியிருக்காம். ஆக ரெண்டு உயிலும் ஒரே ஆளோடது, மூணு வில்லியம்ல ஒருத்தர் இல்லவே இல்ல.

பெரிய வில்லியம் செத்தது 1744 ஆரம்பத்துல. நான் ஒரே ஆளுன்னு நினைச்ச ஜூனியர்தான் ரெண்டு பேர். 1742 ஜூனியர் அவரோட அண்ணன் பையன். பெரியவர் போனதும் அந்த அண்ணன் பையன் சீனியர் ஆயிட்டார், 1746 ஜூனியர் பெரியவரோட சொந்தப் பையன், ஷில்லிங் வாங்கினவர். பழைய ஏடு சார் சொன்ன நாற்காலி அப்படியே. எப்படி உறுதி பண்ணேன்னா, அண்ணன் பையன் எழுதத் தெரிஞ்சவர், பேர முழுசா எழுதுவார். பெரியவரோட பையனுக்கு எழுதத் தெரியாது, குறி போடுவார். டீட் புக்குல (பத்திரப் பதிவேடு) கிளார்க் அந்தக் குறிய அப்படியே பாத்து வரைஞ்சிருக்கார், டபிள்யூ தலைகீழா, பாக்க எம் மாதிரி. 1746லயும் அதே, 1760கள்ல எங்கப்பா வில்லியம் விட்டுப்போன நெலம்னு சொல்லி விக்கறப்பவும் அதே தலைகீழ் டபிள்யூ. கூட சம்சாரம் சம்மதம் சொன்ன பதிவு. அவங்களுக்கு ஒன்பது வயசெல்லாம் இல்ல சார், 1752ல குழந்தை பெத்துக்கற வயசுதான்.

இதுலயும் பைபிள் வில்லியம் இவரோட பையன்னு நேரா எழுதின காகிதம் இல்ல. ஆனா பைபிள்ல அந்த வில்லியமோட நாலாவது பையனுக்கு ஒரு விசித்திரமான முதல் பேரு, என்னடா இதுன்னு மூணு வருஷமா பாத்துட்டு இருந்த பேரு. வெஸ்ட்ரி புக்குல எல்லை நடந்த கணக்குல அடுத்த நெலத்துக்காரர் குடும்பப் பேரு அதுதான். அவர் உயில்ல மக பேரும் மருமகன் பேரும் இருக்கு, மருமகன் வில்லியம் ஜூனியர். பாட்டி பொறந்த வீட்டுப் பேரு.

பழைய_ஏடு:
நல்ல வேலம்மா. அந்த நாலாவது பையன் பேருக்குப் பக்கத்துல "இதுவரை கெடச்ச ஆதாரப்படி"ன்னு ஒரு வரி சேத்துக்கோங்க. அந்தப் பாட்டியோட கூடப்பொறந்தவங்க வீட்டுலயும் அதே பேரு ஓடுதான்னு பாருங்க, அங்கயும் வந்தா இன்னும் பலம்.

மருதாணி:
அந்த ஏழு பேரு?

செங்காந்தள்:
எழுதிட்டேன் மருதாணி. மூணு பேரு பெரியவரோட உயில்லயும் பக்கத்து நெலத்துக்காரர் உயில்லயும் திரும்ப வருது, டினா, ஹேரி, இன்னொரு டினா. சின்ன டினாவுக்கு பெரியவங்க பேர வெச்சிருக்காங்கன்னு தோணுது. நேத்து மாமியார்கிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். பைபிள்ல கை வெக்க மனசு வரல, தனித்தாள்ல எழுதி உள்ள சொருகியிருக்கேன். அவங்க கண்ணாடியப் போட்டுட்டு வரிவரியா பாத்து, தாளோட கீழ்ப்பக்கத்துல கொஞ்சம் எடம் விட்டு வைன்னு சொன்னாங்க.